நாத்தனாருக்கு எதற்கு டெலிபோன்

இதை எழுதிவிட வேண்டும் என்று நினைத்து நினைத்தே பல வருஷங்கள் கழிந்துவிட்டன. நான் எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். மெயின்லேண்டில் இருக்கும் சொந்தக்காரர்களுக்குக் கடிதம் போட்டதைத் தவிர வேறு எதுவும் எழுதிப் பழக்கமில்லை. ஆனால் தயக்கத்துக்கு அது மட்டும் காரணம் இல்லை. அந்தமானில், சௌல்தாரியில் எங்கள் வீட்டுக்குக் கீழே இருக்கிற மாரியம்மன் கோயிலில் ஆடி மாதம் கூழ் ஊற்றும்போது மைக்கில் ஒரு கதை சொல்வார்கள். பிறவி ஊமையான ஒரு பெண்ணை அம்மன் டெலிபோன் வழியாகப் பேசவைத்த கதை. கேட்கிறவர்கள் கன்னத்தில் போட்டுக்கொள்வார்கள். அந்தப் பெண் என் நாத்தனார். அந்த டெலிபோன் எங்கள் வீட்டு டெலிபோன். அவர் பேசியதாகச் சொல்லப்படும் அன்று அவர் தோளோடு தோள் இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள் நான். மைக்கில் சொல்கிற மாதிரி அன்று நடக்கவில்லை. அதைச் சொல்லப்போய், அம்மனுக்குப் பெருமை சேர்க்கிற ஒரு கதையைக் கெடுத்த பாவம் வந்து சேர்ந்துவிடுமோ என்று பயந்து, ஒவ்வொரு ஆடியிலும் வாயை மூடிக்கொண்டு கூழை வாங்கி வந்தேன். இந்த வருஷம் அதே கதை கைப்பேசியில் ஊரெல்லாம் சுற்றி எனக்கே வந்தது. யாரோ ஒரு அழகான பெண்ணின் படத்தை அதில் போட்டிருந்தார்கள். உடனே பத்துப் பேருக்கு அனுப்பினால் நல்ல சேதி வரும் என்று கீழே எழுதியிருந்தது. நாத்தனார் பார்த்திருந்தால் இடுப்பில் கையை ஊன்றிச் சிரித்திருப்பார். அவர் இப்போது இல்லை. நான்தான் சொல்லியாக வேண்டும்.

நாத்தனார் என் வீட்டுக்காரருக்கு மூத்தவர். அவர்களுடைய அப்பா அம்மா இலங்கை மலைத்தோட்டத்திலிருந்து திரும்பி வந்தவர்கள். நிக்கோபாரில் கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டக் குடியேற்றப்பட்டவர்கள். என் வீட்டுக்காரர் பிறகு இந்தப் பக்கம் வந்துவிட்டார். நாத்தனார் அங்கேயே வளர்ந்து, அங்கேயே ஒருவரைக் கட்டிக்கொண்டு, அங்கேயே ஒரு பெண்ணைப் பெற்றார். பிறந்ததிலிருந்தே அவருக்குக் காது கேட்காது. அப்படிப்பட்ட பிள்ளைக்குச் சொல்லிக்கொடுக்க அந்தத் தீவில் ஏது பள்ளிக்கூடம்? ஆனால் அவருக்கு ஒரு பாஷை இருந்தது. மகள் பிறந்த பிறகு தாயும் மகளுமாகக் கையாலேயே உண்டாக்கி, வருஷத்துக்கு வருஷம் வளர்த்த பாஷை. அதில் எங்கள் எல்லாருக்கும் பெயர் உண்டு. மீசையை முறுக்கினால் என் வீட்டுக்காரர். கன்னத்தில் ஒரு விரலைக் குத்தினால் மகள், அவளுக்குக் குழி விழும் கன்னம். கட்டைவிரலை நெற்றி நடுவில் வைத்து நன்றாக அழுத்தினால் நான். என் குங்குமப் பொட்டு அவ்வளவு பெரிதாம். தலைக்குப் பின்னால் பத்து விரலையும் தீ மாதிரி விரித்தால் மாரியம்மன்.

சுனாமியில் கடல் பொங்கிய அன்று அவருடைய புருஷன் போய்விட்டார். தாயும் மகளும் நிவாரணக் கப்பலில் ஏறி எங்களிடம் வந்தார்கள். இங்கே எங்கள் நிலமும் தாழ்ந்துபோய், வந்த உப்புத்தண்ணீர் திரும்பிப் போகாமல் வயலிலேயே தங்கிவிட்டது. எல்லாருமாகத் தகர ஷெட்டில் கிடந்தோம். பிறகு மேட்டில் மனை கிடைத்து, வீடு கொஞ்சம் கொஞ்சமாக எழும்பியது. பழைய இடத்தில் தண்ணீருக்குள் நின்ற அம்மனையும் தூக்கி வந்து, எங்கள் வீட்டுக்கும் ரோட்டுக்கும் நடுவில், சரிவில், ஒரு தகரக் கூரை போட்டு உட்கார வைத்தோம். புது வீட்டில் பால் காய்ச்சிய அதே வருஷம் நாத்தனார் மகளுக்கு மெயின்லேண்டில் நர்சிங் படிக்க இடம் கிடைத்தது. போர்ட் பிளேயர் ஹாடோ ஜெட்டியில் அவளைக் கப்பல் ஏற்றிவிட்டு வந்தோம். கப்பல் நகர்ந்த பிறகும் தாயும் மகளும் கைகளை வீசி வீசிப் பேசிக்கொண்டே இருந்தார்கள். பக்கத்தில் கத்திக் கத்தித் தொண்டை கட்டிப்போன ஜனங்களைப் பார்த்தபோது, இந்த இரண்டு பேருக்குத்தான் இன்று கடைசி வரைக்கும் பேச முடிந்தது என்று தோன்றியது.

அவள் போன பிறகுதான் எனக்கு விஷயம் உறைத்தது. அத்தனை வருஷம் ஒரே கூரைக்குக் கீழே இருந்தும் நாத்தனாரிடம் எனக்குத் தெரிந்தது அடுப்படிப் பேச்சு மட்டும்தான். உப்பு, தண்ணீர், சாப்பிடு, காய்ச்சலா, வெளியே மழை. அதற்கு மேல் எது வந்தாலும் மகள்தான் நடுவில் நின்று சொல்வாள். ஒருநாள் அரிசி புடைத்துக்கொண்டிருந்தவர் முறத்தைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்து நீளமாக ஏதோ கேட்டார். விரல்கள் ஓடின. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. திரும்பவும் கேட்டார். புரிந்த மாதிரி தலையை ஆட்டினேன். அவர் என் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டார். அதற்குப் பிறகு அந்தக் கைகள் வேலை செய்தனவே தவிரப் பேசவில்லை. தண்ணீர்த் தொட்டியின் பக்கத்தில் மட்டும் கைப்பேசியில் சிக்னல் வரும். மகள் கூப்பிடுவாள். நான் அவளிடம் பேசிவிட்டு வந்து, சாப்பிட்டாளாம், நன்றாக இருக்கிறாளாம் என்று கையைக் காட்டுவேன். தூரத்தில் இருக்கிற பெண்ணைப் பற்றித் தாய்க்குக் கிடைத்தது அவ்வளவுதான். நாத்தனார் இளைத்துக்கொண்டே போனார். டாக்டர் ரத்தத்தைச் சோதித்து ஒரு குறையும் இல்லை என்று சொன்னார்.

மகள்தான் வழியைச் சொன்னாள். ஹாஸ்டலில் கம்ப்யூட்டர் அறை இருக்கிறது, ஞாயிற்றுக்கிழமை உட்கார விடுவார்கள், வீட்டில் ஒரு டெலிபோன் லைனும் பிராட்பேண்டும் வாங்கிவிட்டால் முகத்தைப் பார்த்தே பேசலாம் என்றாள். "மாமி, எனக்கு அம்மாவோட கையப் பாக்கணும். அது போதும்," என்றாள். அன்று அம்மன் முன்னால் மஞ்சள் துணியில் ஒரு காசை முடிந்து வைத்தேன். இந்த லைன் வீட்டுக்குள் வராமல் இதை அவிழ்ப்பதில்லை என்று.

போர்ட் பிளேயரில் டெலிபோன் அலுவலகத்துக்கு நாத்தனாரையும் கூட்டிக்கொண்டுதான் போனேன். கேட்பவருக்குத் தேவை யாருக்கு என்று தெரியட்டும் என்று. அங்கே இருந்த அதிகாரி கண்ணாடிக்கு மேலாகப் பார்த்துவிட்டு, எங்கள் சரிவில் லைன் கொடுக்க முடியாது என்றார். பழைய கம்பங்கள் தண்ணீருக்குள் போய்விட்டன, ரோட்டோரம் கடைசியாக இருக்கிற பெட்டியில் காலியான ஜோடி வயர் கிடையாது, யாராவது தங்கள் லைனைத் திருப்பிக் கொடுத்தால்தான் உண்டு. அவர் சொன்னது பொய்யில்லை. ஆனால் நான் நாத்தனாரைக் காட்டி இவருக்காகத்தான் கேட்கிறோம் என்று சொன்னதும் அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"சுன் நஹீ சக்தீ, தோ டெலிபோன் கிஸ் லியே?"

காதே கேட்காதவருக்கு எதற்கு டெலிபோன் என்கிறார். இந்தத் தீவில் காய்கறிக்காரரிடமும் பஸ் கண்டக்டரிடமும் பழகிய இந்திதான் எனக்குத் தெரியும். அதை வைத்துக்கொண்டே சொன்னேன். "சுன்னே கே லியே நஹீ, சாப். தேக்னே கே லியே." கேட்பதற்கு இல்லை, பார்ப்பதற்கு. அவர் கோப்பைத் திறந்துகொண்டார்.

ஆனால் நாங்கள் விடவில்லை. போன வாரம் வந்தவர்கள் இந்த வாரமும் வந்து அதே பெஞ்சில் உட்கார்ந்தால் என்ன செய்வார்கள்? துரத்தவா போகிறார்கள்? பஸ் பிடித்துப் போவோம், உட்காருவோம், வருவோம். ஒருநாள் உட்கார்ந்திருந்தபோது நாத்தனாருக்குப் பொழுது போகவில்லை. அந்த அதிகாரிக்கு ஒரு பெயர் வைத்துவிட்டார். இல்லாத கண்ணாடியை மூக்கு நுனிக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, அதற்கு மேலாக எட்டிப் பார்த்து, முத்திரையை ஓங்கிக் குத்தி, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டுவார். அவ்வளவுதான் பெயர். எழுத்தர்கள் எல்லாரும் வேலையை விட்டுவிட்டுச் சிரித்தார்கள். அதிகாரி தலையைத் தூக்கி, அவர் என்ன சொல்கிறார் என்று என்னிடம் கேட்டார். உங்களைத்தான் சொல்கிறார் என்றேன். இன்னொரு தடவை செய்யச் சொன்னார். நாத்தனார் கொஞ்சமும் கூச்சப்படாமல் செய்தார். அவரும் சிரித்துவிட்டார். அதற்குப் பிறகு எங்களுக்கு அங்கே டீ வந்தது. ஜங்ஷனில் இருந்த ஒரு கடைக்காரர் தன் லைனைத் திருப்பிக் கொடுத்தபோது, எங்கள் வீட்டுக்கு ஆள் அனுப்பிச் சொன்னவரும் அந்த அதிகாரிதான்.

வந்த லைன்மேனின் குடும்பம் ராஞ்சிப் பக்கம், அவர் இங்கேயே பிறந்தவர். என்னை பாபி, அதாவது அண்ணி, என்பார். பெட்டியிலிருந்து எங்கள் வீட்டைக் கண்ணாலேயே அளந்து பார்த்துவிட்டு, நேராக இழுத்தால் ஒரு தொல்லையும் இல்லை என்றார். நேராக என்றால் அம்மன் கூரைக்கு மேலே. கோயில் பெரியவர் அதற்குள் மேலே ஏறி வந்துவிட்டார். அம்மன் தலைக்கு மேல் கம்பி போகலாமா கூடாதா என்பதை நாம் முடிவு செய்யக்கூடாது, அவளையே கேட்போம் என்றார். எனக்கும் அதுதான் சரி என்று பட்டது. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்துக் காலடியில் போட்டோம். ஒரு சின்னப் பெண் குழந்தையை ஒன்றை எடுக்கச் சொன்னோம். வெள்ளை வந்தால் சம்மதம். சிவப்புதான் வந்தது.

என் வீட்டுக்காரருக்கு வந்ததே கோபம். "அம்மனுக்கு கரண்டு வயரு ஆவுது, மைக்செட்டு வயரு ஆவுது. இந்த நூலு மாதிரி வயரு மட்டும் ஆவாதா?"

"தம்பி, அதெல்லாம் பக்கத்துல போவுது. தலைக்கு மேல போவல," என்றார் பெரியவர்.

"அவளுக்கு ஒரு பெத்தவ மனசு தெரியாதாண்ணே?"

"தெரியும். அதான் வேற வழி காட்டுவா."

வீட்டுக்காரர் என்னைத் திரும்பிப் பார்த்தார். லைன் வர வேண்டும் என்று காசு முடிந்தவளும் நான்தான், அம்மன் வேண்டாம் என்று சொன்னதை மீற மாட்டேன் என்று நின்றவளும் நான்தான். இரண்டையும் விட எனக்கு மனசில்லை. நாத்தனார் என் தோளைத் தட்டி, என்ன சேதி என்று கேட்டார். தலைக்குப் பின்னால் தீயை விரித்துக் காட்டி, பிறகு கையை வீசி இல்லை என்றேன். அவர் சரிவில் இறங்கிப் போய் அம்மன் எதிரில் நின்றார். மேலே பார்த்தார், கீழே பார்த்தார், பக்கத்துப் பெங்காலிக்காரரின் பாக்குத் தோப்பைப் பார்த்தார். ஒரு குச்சியை எடுத்து ஈர மண்ணில் ஒரு புள்ளி வைத்து, அதைச் சுற்றி ஒரு வளைவு போட்டார். தலைக்கு மேல் வேண்டாம் என்றால் அவளை வலம் வந்து போகலாமே என்கிறார். பெரியவர் அந்தக் கோட்டைப் பார்த்துவிட்டுத் துண்டைத் தோளில் சரிசெய்துகொண்டார். அவருக்கும் மறுக்க ஒன்றும் இல்லை.

லைன்மேன் மட்டும் தலையைச் சொறிந்தார். ரோட்டிலிருந்து எக்ஸ்சேஞ்ச் வரைக்கும் ஏற்கெனவே தூரம், இதில் இப்படிச் சுற்றினால் வயர் இன்னும் நீளமாகும், பேச்சு வரும், ஆனால் நெட் ரொம்ப மெதுவாகத்தான் வரும், பிறகு என்னைத் திட்டக் கூடாது என்றார். மெதுவாக வந்தாலும் வரட்டும் என்றோம். பெங்காலிக்காரர் தோப்புக்குள் விடச் சம்மதித்தார். ஆனால் பாக்கு பறிக்கிற ஆள் மரத்துக்கு மரம் தாவுகிறவன், வயர் அவன் காலில் சிக்கக் கூடாது, மரத்தில் கட்டாதீர்கள் என்றார். அதனால் எங்களுடைய கம்பத்தை நாங்களே நட வேண்டியதாயிற்று. மூங்கில் வெட்டி வந்தோம். குழி தோண்டத் தோண்ட மழைத்தண்ணீர் நிரம்பியது. வீட்டுக்காரர் வேலைக்குப் போன நாட்களிலும் நாத்தனார் கடப்பாரையோடு இறங்கிவிடுவார். ரப்பர்க் காட்டில் விடியுமுன் மரம் மரமாக நடந்த கால்கள். வழுக்குகிற சரிவில் அவர் நின்ற இடத்தில் நாங்கள் யாரும் நிற்க முடியவில்லை. ஒரு கம்பம் சாய்ந்தால் அவரே தூக்கி நிறுத்தி, மண்ணை மிதித்துக் கெட்டிப்படுத்திவிட்டு, இடுப்பில் கைவைத்துக்கொண்டு அதை முறைப்பார். அதற்குப் பிறகு அது சாயாது.

டெலிபோன் வந்தது. பிராட்பேண்ட் பெட்டியையும் லைன்மேன் கொண்டுவந்து மாட்டிவிட்டு, கீழே ரோட்டுப் பெட்டியில் ஏதோ இணைக்கப் போனார். வீட்டுக்குள் புதிதாக எது வந்தாலும் சந்தனம் குங்குமம் வைக்காமல் நாங்கள் தொட மாட்டோம். தையல் மிஷினுக்கும் வைத்தேன், மிக்ஸிக்கும் வைத்தேன். அந்த வெள்ளைப் பெட்டியின் முகத்தில் வரிசையாகச் சின்னச் சின்னக் கண்கள் இருந்தன. பொட்டு வைப்பதற்கென்றே செய்த மாதிரி. ஒவ்வொன்றிலும் சந்தனத்தை அப்பி, மேலே குங்குமம் வைத்தேன். கீழேயிருந்து லைன்மேன் கூப்பிட்டு, பச்சை லைட் எரிகிறதா என்று கேட்டார். எந்த லைட்டும் எரியவில்லை என்றேன். மேலே ஏறி வந்து வயரைச் சோதித்தார். இறங்கிப் போனார். மறுபடியும் கேட்டார். இல்லை என்றேன். தோப்புக்குள் ஒவ்வொரு கம்பமாகப் பார்த்துக்கொண்டு வேர்க்க விறுவிறுக்க அவர் மறுபடியும் ஏறி வந்தபோது, நாத்தனார் முந்தானை நுனியால் ஒரு பொட்டைத் துடைத்துவிட்டு என்னைப் பார்த்தார். உள்ளே பச்சையாக ஒன்று கண் சிமிட்டியது. லைன்மேன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"பாபி, அம்மா பர்மிஷன் குடுத்துட்டாங்க. ஆப் நஹீ தே ரஹே ஹோ," என்றார். அம்மன் விட்டாலும் நான் விட மாட்டேன் என்கிறேனாம். நாத்தனார் என் நெற்றிப் பெயரைக் காட்டி, அதோடு கண்ணைப் பொத்தி ஒரு சைகையையும் சேர்த்துக்கொண்டார். கொஞ்ச நாளைக்கு அதுவே என் பெயராக இருந்தது.

வீட்டுக்காரர் தன்னோடு வேலை செய்த ஒருவரிடமிருந்து ஒரு பழைய கம்ப்யூட்டர் வாங்கி வந்தார். அதன் தலையில் ஒரு சின்னக் கேமராவை மாட்டினோம். அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முற்றத்தில் ஊரே நின்றது. கோயில் பெரியவரும் வந்திருந்தார். அறை சின்னது என்பதால் உள்ளே நாங்கள் மூன்று பேர் மட்டும். திரையில் முதலில் கட்டம் கட்டமாக என்னவோ வந்து, பிறகு நாத்தனார் மகளின் முகம் வந்தது. கன்னத்தில் குழி தெரிந்தது. நாத்தனார் மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். மகள் கையைத் தூக்கினாள். அவ்வளவுதான். படம் அப்படியே நின்றுவிட்டது. தூக்கிய கை பாதியில், கண் பாதி மூடியபடி, வாய் கோணியபடி. தாய்க்கு என்ன தெரியும்? திரையைத் தொட்டுப் பார்த்தார், தட்டிப் பார்த்தார், அசையவில்லை. பிள்ளைக்கு என்னவோ ஆகிவிட்டது என்று நெஞ்சிலிருந்து ஒரு குரல் கொடுத்தார். பெரிய குரல். கூரைத் தகரம் அதிர்ந்தது.

அந்தக் குரல் எனக்குப் புதிதில்லை. நாத்தனாருக்குத் தொண்டை எப்போதும் இருந்தது. கோழி தோட்டத்தில் இறங்கினால் அந்தக் குரலில்தான் விரட்டுவார். தூங்கும்போது என்னவோ கனவு கண்டு அந்தக் குரலில்தான் முனகுவார். வீட்டில் இருக்கிற எங்களுக்குத் தெரியும். முற்றத்தில் நின்றவர்களுக்குத் தெரியாது. "பேசிட்டா! மகளப் பேர் சொல்லிக் கூப்புட்டா!" என்று ஒரு சத்தம் கிளம்பியது. பெரியவர் கண்ணில் தண்ணீர் வழியக் கோயிலைப் பார்த்துக் கும்பிட்டார். நான் எழுந்து வெளியே வருவதற்குள் தேங்காய் உடைத்துவிட்டார்கள். உள்ளே படம் திரும்ப அசையத் தொடங்கியிருந்தது. மைக்கில் சொல்கிற கதை இந்த இடத்தோடு முடிந்துவிடும். ஆனால் எங்களுக்கு அங்கேதான் ஆரம்பம்.

படம் நகர்ந்தது, நின்றது, நகர்ந்தது. மகளின் விரல்கள் எங்கேயோ தொடங்கி எங்கேயோ போய் நின்றன. நடுவில் என்ன சொன்னாள் என்று தாய்க்குத் தெரியவில்லை. மகளுக்கும் இங்கே அதே கதிதான். இரண்டு பேரும் வேகமாகப் பேசிப் பழகியவர்கள். இத்தனை பாடுபட்டது இதற்குத்தானா என்று வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். லைன்மேன் அன்றே சொன்னாரே, நேராக இழுத்திருக்கலாமோ என்று எனக்கே ஒரு நிமிஷம் மனசு ஆடியது. நாத்தனார் எழுந்திருக்கவில்லை. உள்ளங்கையைக் காட்டி மகளை நிறுத்தினார். தன் கன்னத்தில் விரலைக் குத்திக் காட்டி, அப்படியே வைத்துக்கொண்டார். சிலை மாதிரி. திரையில் மகள் மெல்ல முகத்தைத் திருப்பி, புரிந்துகொண்டு, தலையை ஆட்டினாள். பிறகுதான் விரலை எடுத்தார். அடுத்த சொல்லைக் காட்டினார், வைத்துக்கொண்டார். ஒரு சொல், ஒரு காத்திருப்பு, ஒரு தலையாட்டு. படம் எவ்வளவு நின்றாலும் நிற்கட்டும், கை அதைவிட நேரம் நிற்கும். ஒரு குசலம் விசாரிக்க அரைமணி ஆனது. ஆனால் ஒரு சொல்லும் தவறவில்லை.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அப்படித்தான். நான் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருப்பேன், கம்ப்யூட்டர் நின்றுபோனால் பட்டனை அழுத்த. எனக்குப் புரியும் என்று யாரும் நினைக்கவில்லை, நானும் நினைக்கவில்லை. ஒருநாள் மகள் ஹாஸ்டல் சாப்பாட்டைப் பற்றி ஏதோ சொல்லி முகத்தைச் சுளித்தாள். நாத்தனார் பதில் சொன்னார். நெற்றியில் கட்டைவிரல். நின்றார். கரண்டியால் ஊற்றுவது போல ஒரு கை. நின்றார். கையை அலை அலையாக விரித்துக் கடல். நின்றார்.

"என் சாம்பாரு கடல் தண்ணியா?" என்று நான் கத்திவிட்டேன்.

நாத்தனாருக்கு நான் கத்தியது கேட்டிருக்காது. ஆனால் திரையில் மகள் வாயைப் பொத்திக்கொண்டதைப் பார்த்து என் பக்கம் திரும்பினார். என் முகத்தைப் பார்த்தார். அன்றைக்கு அரிசி புடைக்கும்போது பார்த்த அதே பார்வை. நான் கையாலேயே சொன்னேன், சரியாக வந்ததோ இல்லையோ: நெற்றி, கரண்டி, கடல், பிறகு கோபம். நாத்தனார் என்னைப் பிடித்து இழுத்துக் கேமராவுக்கு முன்னால் உட்கார வைத்தார். அன்று மீதி நேரமெல்லாம் தாயும் மகளும் என்னைக் கேலி செய்தே பேசினார்கள். எனக்கு ஒவ்வொன்றும் புரிந்தது. இத்தனை வருஷம் என் கண் முன்னால் ஓடிக்கொண்டிருந்த பேச்சு, ஓட முடியாமல் நின்று நின்று வந்தபோதுதான் எனக்குக் கிடைத்தது. வயர் அம்மன் தலைக்கு மேலே நேராக வந்து, படமும் வேகமாக வந்திருந்தால், நான் பக்கத்து ஸ்டூலிலேயே உட்கார்ந்திருப்பேன். மஞ்சள் துணி முடிச்சை அன்றுதான் அவிழ்த்தேன். அம்மன் அருள் எங்கே இருந்தது என்று என்னைக் கேட்டால் நான் இதைத்தான் சொல்வேன்.

பிறகு ஞாயிற்றுக்கிழமைக்குக் காத்திருக்கவில்லை. கீரை ஆய்ந்துகொண்டு பேசினோம், துணி மடித்துக்கொண்டு பேசினோம். சந்தையில் இந்திக்காரி ஏமாற்றுவதை அவர் எனக்கு அங்கேயே சொல்வார், அவளுக்குத் தெரியாது. அவர் புருஷன் எப்படிச் சிரிப்பார், எப்படி நடப்பார் என்று காட்டினார். நான் பார்த்தே இராத அந்த மனிதர் எங்கள் அடுப்படியில் நடந்துபோன மாதிரி இருந்தது. நாத்தனாருக்கு உடம்பும் தேறியது. மகள் படித்து முடித்து மெயின்லேண்டிலேயே ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்து, கல்யாணமும் செய்துகொண்டாள். கோயிலில் கதை சொல்லும்போது நாத்தனாரையே முன்வரிசையில் உட்கார வைத்து மாலை போடுவார்கள். என்ன சொல்கிறார்கள் என்று என்னைக் கேட்பார். நான் சொல்வேன். அவர் தன் வாயைக் காட்டி, பிறகு கோழி விரட்டுவதைக் காட்டி, அப்படியானால் கோழிகள்தான் முதலில் சாட்சி சொல்ல வேண்டும் என்பார். ஆனால் ஒரு தடவை சிரிக்கவில்லை. நான் பேசாதவள் என்று ஏன் சொல்கிறார்கள், நான் எப்போதுதான் பேசாமல் இருந்தேன் என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு மைக்கில் பதில் சொல்ல எனக்கு அன்று துணிச்சல் வரவில்லை.

சில வருஷங்களுக்கு முன்னால் ஒரு காய்ச்சலில் நாத்தனார் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு கடலுக்கு அடியில் கேபிள் போட்டுவிட்டார்கள். இப்போது படம் தண்ணீர் மாதிரி ஓடுகிறது. மகள் அங்கிருந்து என் கைப்பேசியில் கூப்பிடுவாள். அவளுக்கும் காது கேட்கும், எனக்கும் கேட்கும். ஆனாலும் கொஞ்ச நேரம் வாயால் பேசிவிட்டு, யார் தொடங்குகிறோம் என்றே தெரியாமல் இரண்டு பேரும் கையால் பேச ஆரம்பித்துவிடுவோம். அவள் பிள்ளை நடுவில் வந்து எட்டிப் பார்க்கும்.

இன்னும் ஒன்றைச் சொல்லி முடித்துவிடுகிறேன். ஒரு மழைக்காலத்தில் மரம் விழுந்து லைன் அறுந்து, வாரக்கணக்கில் சரியாகவில்லை. மகளைப் பார்க்க முடியாத வருத்தத்தில் நான் அம்மன் முன்னால் நின்று கண்ணை இறுக்க மூடிக் கும்பிட்டுக்கொண்டிருந்தேன். நாத்தனார் என் முழங்கையைத் தட்டினார். கண்ணைத் திறந்தேன். அவர் அம்மனைக் காட்டினார், நான் கண்ணை மூடியிருந்ததைச் செய்து காட்டினார், பிறகு ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, எனக்குத் தவறக் கூடாது என்பது போலக் கேட்டார். நீ பேசுவதெல்லாம் பேசுகிறாய். கண்ணை மூடிக்கொண்டால் அவள் பதில் சொல்வது உனக்கு எப்படித் தெரியும்?

கேலியில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். பல வருஷமாக அவருக்கு இருந்த சந்தேகமாக இருக்க வேண்டும். என்னிடம் கேட்க இப்போதுதான் வழி கிடைத்தது. அன்றிலிருந்து எந்தச் சன்னதியிலும் நான் கண்ணை மூடுவதில்லை. தீபாராதனையின்போது பக்கத்தில் நிற்கிறவர்கள் ஒரு மாதிரி பார்ப்பார்கள். பார்க்கட்டும்.

நடந்தது இவ்வளவுதான். இதைப் படிக்கிறவர்கள் நாலு பேரிடம் சொன்னால் எனக்குச் சந்தோஷம். சொல்லாவிட்டால் உங்களுக்கு ஒரு கெடுதலும் வராது. ஆனால் சொல்வதானால், தயவுசெய்து இப்படியே சொல்லுங்கள். அவர் வாயால் பேசினார் என்று சேர்க்க வேண்டாம். அவர் கையால் பேசினார் என்பதை விட்டுவிடவும் வேண்டாம்.